ஒன்பதாம் உம்மை

வாயைத் திறந்தபடி படுத்திருப்பவனிடம் கேள்வி கேட்பதற்கென்றே பல் மருத்துவக் கல்லூரிகளில் தனியாக ஒரு தாள் இருக்க வேண்டும். அதில் டாக்டர் பூங்கொடி முதல் வகுப்பில் தேறியிருக்க வேண்டும். ஒரு கையில் கண்ணாடிக் குச்சி, மறு கையில் கொக்கி, இரண்டும் என் வாய்க்குள். "சாரு என்ன வேலைங்க பண்றீங்க?" என்கிறார். "ஆ" என்கிறேன். "ஆசிரியருங்களா?" "ஆஆ." "இல்லீங்களா? அப்ப ஆடிட்டருங்களா?" தலையை ஆட்டினால் கொக்கி ஈறில் ஏறும். "ஆட்டோ ஓட்டறவரா இருக்குமுங்க மேடம்" என்கிறாள், எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உதவியாளர் பெண். பெயர் சௌடேஸ்வரி என்று சட்டையில் குத்தியிருக்கிறது. 'சௌ' என்ற ஓரெழுத்தைச் 'செ', 'ள' என்று இரண்டாக உடைத்து அடித்திருக்கிறார்கள். உலகத்தில் என் கண்ணுக்கு மட்டும் தெரிகிற பிழை. "இத்தன தடிமனா கண்ணாடி போட்டுட்டு ஆட்டோ ஓட்டுனா நாம ரோட்டுல நடக்க முடியுமா சௌடு?" இருவரும் சிரிக்கிறார்கள், குழாயும் சேர்ந்து களுக்கென்கிறது. நானும் சிரித்திருப்பேன். என்ன வேலை செய்கிறீர்கள் என்ற கேள்விக்கு என்னிடம் விடை இருந்திருந்தால், வாய் திறந்திருப்பதும் மூடியிருப்பதும் ஒரு பொருட்டா? ஐந்து மணிக்குத் தாரணி போன் செய்வாள். அவளுக்கும் இதே கேள்வியின் வேறொரு வடிவத்துக்குத்தான் பதில் வேண்டும். அதற்கும் "ஆ" என்று சொல்லிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

நான் கிரைண்டர் கம்பெனியில் தமிழ் எழுதுகிறவன். இதைச் சொன்னால் கேட்பவர் முகத்தில் முதலில் மரியாதையும், பிறகு சந்தேகமும், கடைசியில் இரக்கமும் வரும்; வரிசை மாறியதில்லை. கோயம்புத்தூரில் மாவு ஆட்டும் இயந்திரம் செய்யாத தெரு உண்டா என்பது ஆராய்ச்சிக்குரியது. அதில் எங்களுடையது தேர் மார்க். அட்டைப் பெட்டியைத் திறந்ததும் தெர்மோகோலுக்கும் பாலிதீன் உறைக்கும் நடுவே ஒரு புத்தகம் கிடக்குமே, எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் கல்லைத் தூக்குவீர்களே, அந்தப் புத்தகத்தின் ஆசிரியன் நான். ஆக, டாக்டர் முதலில் சொன்ன ஆசிரியர் சரிதான். நான் மறுத்திருக்கக் கூடாது. பயனர் கையேடு என்று பெயர். பயன் உள்ளவர் பயனர் என்றால் எழுதியவன் யார் என்று அகராதி சொல்லவில்லை. தாரணி எங்கள் முதலாளியின் மகள், வெளிநாட்டில் படித்து வந்து இப்போது கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறாள், நல்ல பெண், என்னை அங்கிள் என்பாள். நேற்று என் மேசைக்கே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "அங்கிள், மேனுவலுக்குப் பதிலா பெட்டி மேல ஒரு கியூஆர் கோடு ஒட்டிடலாம்கறாங்க. போன்ல காட்டுனா வீடியோ வந்துடும். எனக்கு முடிவு பண்ணத் தெரியல. நீங்களே சொல்லுங்க. நம்ம மேனுவல யாராச்சும் படிக்கறாங்களா?" நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "இப்ப வேண்டாம். நாளைக்கு அஞ்சு மணிக்கு நானே கூப்புடறேன், சிவகாசி பிரஸ்ஸுக்கு அதுக்குள்ள சொல்லியாகணும். படிக்கறாங்கன்னு நீங்க சொன்னா அடிக்கலாம், இல்லைன்னா நிறுத்திடலாம். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதுங்க அங்கிள், நீங்க பாட்டுக்கு வந்து உக்காந்துட்டுப் போங்க." கடைசி வாக்கியத்தை அவள் அன்பாகச் சொன்னாள். அன்பாகச் சொன்னதுதான் இரவெல்லாம் பல்லோடு சேர்ந்து குத்தியது. வந்து உட்கார்ந்துவிட்டுப் போவது. எழுவாய் உண்டு, பயனிலை உண்டு, பயன் இல்லை.

"வலி எங்கீங்க ஜாஸ்தி? மேலயா, கீழயா?" வலி மிகும் இடம். தமிழ் எம்.ஏ. வகுப்பில் எல்லாரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சிலேடை. வல்லெழுத்து மிகும் இடம், மிகா இடம் என்று படித்தவனால் எந்த மருத்துவமனையிலும் தப்பிக்க முடியாது. கீழே, வலப்பக்கம், கடைவாயில் என்று விரலால் காட்டுகிறேன். "அதுதானுங்க, வேர் வரைக்கும் போயிருச்சு. எடுத்தர்றதுதான் நல்லது. ஊசி போடறன், எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்." எந்த எறும்பு என்று சொல்லவில்லை. கட்டெறும்பு. நாற்காலியின் கைப்பிடியை விரல்கள் தாமாகப் பிடித்துக்கொள்கின்றன. ஐம்பத்து மூன்று வயதுக் கை என்று அவற்றுக்குத் தெரியவில்லை. "பத்து நிமிஷம் அப்படியே இருங்க, மரத்துப் போயிரும்." மரத்துப்போதல். உள்ளே மரம் இருக்கிறது இந்தச் சொல்லில். உதட்டின் ஒரு பாதி தேக்காகிறது, நாக்கின் ஓரம் வேம்பாகிறது. இப்படியே பரவினால் நெஞ்சும் மரமாகும், பிறகு ஐந்து மணிக்கு எந்தப் பதிலையும் சொல்லிவிடலாம். எத்தனையோ பேர் அப்படித்தானே ஓய்வுபெறும் வயது வரை வருகிறார்கள். வேறு மாதிரி வர நினைத்தவன் நான். முனைவர் பட்டத்துக்கு 'உம்' என்ற இடைச்சொல்லை எடுத்துக்கொண்டேன். 'நீயும் வா' என்பதில் வருகிற அந்த உம்தான். அதற்கு எட்டுப் பொருள் என்று இலக்கணக்காரர்கள் எண்ணி வைத்திருக்கிறார்கள். நான் ஒன்பதாவது ஒன்றைக் கண்டுபிடிப்பேன் என்று நெறியாளரிடம் சொன்னேன். "எட்டையும் ஒழுங்கா எழுதுய்யா மொதல்ல" என்றார் அவர். கல்யாணம் ஆனது, உதவித்தொகை நின்றது, பழைய முதலாளி தமிழில் நான்கு பக்கம் எழுதித் தர ஆள் தேடினார். முதல் நாள் எழுதினேன்: கல்லைக் கழுவவும். உலர்ந்த துணியால் துடைக்கவும். பிளக்கைச் செருகவும். எழுதிவிட்டுப் பார்த்தால் வரிக்கு வரி உம். என் ஒன்பதாம் உம்மை! எண்ணையும் காட்டாது, ஐயத்தையும் காட்டாது, யார் சொல்கிறார் யாருக்குச் சொல்கிறார் என்றும் காட்டாது. வெறுமனே வேலை வாங்கும். வீட்டுக்குப் போய் மனைவி ருக்குமணியிடம் சொன்னேன். "அதுக்குச் சம்பளம் சேத்திக் குடுப்பாங்களா?" என்று கேட்டாள்.

உம்மை என்றால் இன்னொன்றும் உண்டு: உங்களை. உம்மைப் பார்த்தேன், உம்மைக் கேட்கிறேன். அந்த உம்மைத்தான் இத்தனை வருஷங்களில் நான் ஒருமுறைகூடச் சந்திக்கவில்லை. கடிதம் எழுதுபவனுக்கு விலாசம் இருக்கிறது, கடன்காரனைத் திட்டுகிறவனுக்குக் கூட எதிரில் ஒரு கதவு இருக்கிறது. நான் மட்டும் 'கவனிக்கவும், கவனிக்கவும்' என்று காலி மைதானத்தில் ஒலிபெருக்கி வைத்திருக்கிறேன். ஒரு தடவை சோதித்தும் பார்த்தேன். டில்டிங் மாடலின் கையேட்டில், எச்சரிக்கைகள் பகுதியில், 'ஈரக் கையால் சுவிட்சைத் தொட வேண்டாம்' என்பதற்குக் கீழே, 'கிரைண்டர் ஓடும்போது உச்சஸ்தாயியில் பாட வேண்டாம். உளுந்து மிரளும்' என்று சேர்த்தேன். அச்சாகி, பெட்டி பெட்டியாகப் போய், இலங்கைக்கும் மலேசியாவுக்கும்கூடக் கப்பல் ஏறியது. ஒருவர், ஒரே ஒருவர், போன் செய்து இது என்ன முட்டாள்தனம் என்று திட்டியிருந்தால் அவருக்கு ஒரு கிரைண்டரைப் பரிசாகக் கொடுத்திருப்பேன். மாடலே நின்றுபோனது, யாரும் கேட்கவில்லை. பிறகென்ன தாரணி, சாட்சி கேட்கிறாயா? படிப்பதில்லை, அம்மணி. ருக்குமணி படித்ததில்லை, எங்கள் வீட்டுக் கிரைண்டரையே அவள் தன் போக்கில்தான் ஓட்டுகிறாள். சர்வீஸ் பிரிவுக்கு வருகிற போன்கள் எல்லாம் நான்காம் பக்கத்தில் ஏற்கெனவே பதில் எழுதப்பட்ட கேள்விகள். உண்மை இவ்வளவு தெளிவாக இருக்கும்போது சொல்வதற்கு என்ன தயக்கம்? தயக்கம் இதுதான்: சொல்லிவிட்டால் நாளைக்கு மட்டுமில்லை, நேற்றுகளுக்கும் பயன் போய்விடும். பின்னோக்கிப் பாய்கிற ஒரே ஆறு அது. பொய் சொல்லலாம். 'படிக்கறாங்கம்மா' என்றால் அவள் நம்புவாள், அச்சகம் ஓடும், நான் உளுந்தை மிரட்டிக்கொண்டு ஓய்வுபெறலாம். அவளோ என்னை நம்பித்தான் கேட்டாள். மரத்த உதட்டைக் கடித்துப் பார்க்கிறேன், யாருடைய உதட்டையோ கடிப்பது போலிருக்கிறது.

டாக்டர் கைக்குக் கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டே சௌடேஸ்வரி பேசுகிறாள். என் தலைக்கு மேல், நான் ஒரு மேசை என்பது போல. "நாளைக்கு லீவு குடுங்க மேடம். எங்கூட்டுல பஞ்சாயத்து." "உங்க அத்தையா? இப்ப என்ன?" "எங்கப்பா சீருல கிரைண்டர் வாங்கிக் குடுத்தாங்கள்ல. தேர் படம் போட்டது. போட்ட மொத நாளே அது கிரீச் கிரீச்சுன்னு கத்துது. அத்தை ஓட்டறதையே நிறுத்திட்டாங்க. ஒடஞ்சத வாங்கி மகளோட தள்ளி உட்ருக்கறான் உங்கப்பன்னுட்டாங்க. துணி போட்டு மூடி வெச்சிருக்குது, பொணம் மாதிரி. நாளைக்கு எங்கப்பா வந்து கடைல திருப்பிக் குடுக்கறாரு. அவருகிட்ட என்ன பேசுவாங்களோ, நான் கூட இருந்தாகணுங்க மேடம்." நான் நிமிர்ந்து உட்காரப் பார்க்கிறேன். தாயே, அது கெட்டுப்போகவில்லை! புதுக் கல், உளி கொத்திய தழும்பு தேயும் வரை கல்லோடு கல் உரசும், நாலைந்து தடவை தண்ணீர் விட்டு ஓட்டினால் அடங்கிவிடும்! நான்காம் பக்கம், மேலிருந்து இரண்டாவது பத்தி! "ஆ! ஆஆ!" என்கிறேன். "வலிக்குதுங்களா? இன்னுங் கொஞ்சம் மருந்து போட்டரலாமுங்க" என்று டாக்டர் இன்னொரு ஊசி போடுகிறார். பாவம், அவர் தவறில்லை. நான்காம் பக்கத்தைச் சொல்லப் போய் ஊசி வாங்கியவன் தமிழ்நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இடுக்கி உள்ளே வருகிறது. குளிர்ச்சி தெரியவில்லை, பாரம் தெரிகிறது. தாடையோடு மண்டையையே யாரோ அசைத்துப் பார்க்கிறார்கள், வேலிக் கல்லை அசைப்பது போல. பயம் இப்போது வெளிப்படையாக வந்து நெஞ்சின் மேல் உட்கார்ந்திருக்கிறது. எதற்குப் பயம்? வலியில்லை. வலிக்காத இடத்தில் என்னவோ நடக்கிறது, அது என்னவென்று எனக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் என் முகத்துக்கு மேலே இருக்கிறார்கள். "சார், இப்ப படார்னு ஒரு சத்தம் வருமுங்க. எலும்பு ஒடஞ்ச மாதிரி கேக்கும். ஒடையல. பல்லு கழண்டு வர்ற சத்தம். பயப்படாதீங்க, எல்லாருக்கும் வர்றதுதான்." சொல்லி முடிப்பதற்குள் சத்தம் வந்துவிட்டது, காதுக்கு வெளியே இல்லை, உள்ளே, தலைக்குள் ஒரு விறகு முறிகிறது. சொல்லாமல் வந்திருந்தால் எழுந்து ஓடியிருப்பேன். சொன்னதனால் கை கைப்பிடியிலேயே இருக்கிறது, விரல்கள்கூடத் தளர்ந்துவிட்டன. எல்லாருக்கும் வருவதுதான். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் எத்தனை பேர் இதே சத்தத்தைக் கேட்டிருக்கிறார்கள், அவர்கள் எல்லாரும் அந்த வாக்கியத்துக்குள் நிற்கிறார்கள். நான் எழுதியதும் இதேதான், 'உரசல் ஒலி எழலாம், இது இயல்பானதே.' இதேதானா? டாக்டர் சத்தம் வருவதற்கு முன் சொன்னார், என் முகத்தைப் பார்த்துச் சொன்னார், 'ங்க' போட்டுச் சொன்னார். நான் நான்காம் பக்கத்தில், 'எழலாம்' என்று, எழுந்தால் எழட்டும் என்பது போல. மயக்க மருந்து இப்படியெல்லாம் யோசிக்க வைக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். அதிகப் பிரசங்கித்தனத்துக்கு மருந்து இல்லை என்பதும் நினைவு வருகிறது. கிண்ணத்தில் டங்கென்று விழுகிறது பல். "அவ்ளோதானுங்க."

"பஞ்ச நல்லா கடிச்சுப் புடிச்சுக்கங்க. ஒரு மணி நேரம் வாயத் தொறக்கக் கூடாது, துப்பக் கூடாது, பேசக் கூடாது." கதவு வரை கூட வந்து டாக்டர் கடைசியாகச் சொன்னதைக் கேட்டு, வரவேற்பறையில் காத்திருந்த ருக்குமணியின் முகம் மலர்ந்தது. "ஒரு மணி நேரந்தானுங்களா டாக்டர்? சேத்திச் சொல்லுங்க." அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுவர்க் கடிகாரத்தில் ஐந்தாகச் சில நிமிடமே இருந்தது. போனை எடுத்துத் தட்டத் தொடங்கினேன், தாரணிக்கு இல்லை. மருந்துச் சீட்டோடு சௌடேஸ்வரி வந்தபோது திரையை அவள் முன்னால் நீட்டினேன். 'தேர் மார்க் கம்பெனியில் நான் பணிபுரிகிறேன். உங்கள் கிரைண்டர் பழுதடையவில்லை. புதிய கற்கள் ஆரம்பத்தில் உரசி ஒலி எழுப்பும். நீர் ஊற்றி நான்கைந்து முறை ஓட்டவும். இது கையேட்டின் நான்காம் பக்கத்தில் உள்ளது.' அவள் உதடு அசைய அசையப் படித்தாள். கண் விரிந்தது. "நெசமாலுமா சார்? ஆட்டோன்னு சொன்னதுக்கு மன்னிச்சுக்கங்க." அப்புறம் முகம் சுருங்கியது. "அந்தப் புக்கு இருந்துச்சுங்க. எங்க அத்தைக்குப் படிக்கத் தெரியாது. ஆனா அச்சடிச்சிருந்தா நம்புவாங்க. நாஞ் சொன்னா நம்ப மாட்டாங்க, போன்ல காட்டுனா எதையோ காட்டி ஏய்க்கறேம்பாங்க. என்னைத்தான் உக்கார வெச்சுப் படிக்கச் சொன்னாங்க. மொதப் பக்கந்தான் படிச்சனுங்க. கழுவவும், தொடைக்கவும், தள்ளி வைக்கவும், தொடாமல் இருக்கவும்னு. 'ஏண்டி, வந்து ஒரு மாசம் ஆகல, எனக்கே ஆர்டர் போடறயா'ன்னு புடுங்கித் தவுட்டுப் பானை அடியில போட்டுட்டாங்க." ருக்குமணி களுக்கென்று சிரித்துவிட்டு என்னைப் பார்த்தாள். பார்த்து, சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "ஏனுங்க, வலிக்குதுங்களா?"

படித்திருக்கிறார்கள். ஒரு வீட்டில், கிரைண்டருக்கு முன்னால் உட்கார்ந்து, உரக்க, ஒருத்தி இன்னொருத்திக்கு. அச்சடித்ததை நம்புகிற ஒருத்தி கேட்க உட்கார்ந்திருக்கிறாள். நான்காம் பக்கத்துக்கு மூன்று பக்கம் இருக்கும்போது என் உம் நடுவில் கையை நீட்டித் தடுத்திருக்கிறது. யார் வாயில் யாருக்காக ஒலிக்கப்போகிறது என்று கேட்காமல் எழுதிய வினைமுற்று. முற்று வினை முற்றுப்புள்ளியாகிவிட்டது. எச்சிலை விழுங்கினேன், இரும்பு ருசி. போன் அதிர்ந்தது, தாரணி. நான் பேச முடியாது என்பதால் துண்டித்துவிட்டுத் தட்டினேன்: 'படிக்கிறார்கள் அம்மா. சத்தமாகவே படிக்கிறார்கள். ஆனால் பழையதை அடிக்க வேண்டாம். ஒரே ஒரு தாள் போதும், பெட்டியைத் திறந்ததும் மேலே இருக்க வேண்டும். அதை நான் இன்னும் எழுதவில்லை.' பொய் சொல்லியிருந்தாலும் 'படிக்கிறார்கள்' என்ற இதே சொல்லைத்தான் தட்டியிருப்பேன். இப்போது விரல் கூசவில்லை. உடனே திரும்பி வந்தது: 'எப்ப தருவீங்க அங்கிள்? சிவகாசிக்கு என்ன சொல்ல?' அதற்கு முன் முதல் வரியையாவது தட்டிப் பார்க்க வேண்டும். ருக்குமணி எழுந்து, பையைத் தோளில் மாட்டி, "வாங்க போலாம், பஞ்ச எடுத்தப்புறம் ஐஸ்கிரீம் சாப்புடலாம்னு டாக்டரே சொல்லிட்டாங்க" என்றாள். கையால் அமர்த்தினேன். மருமகள் மாமியாரிடம் உரக்கப் படிக்க வேண்டும். அவள் வாயில் அது கட்டளையாகக் கூடாது, கெஞ்சலாகவும் கூடாது. கழுவவும், அது தவுட்டுப் பானை அடிக்குப் போய்விட்டது. கழுவுக, சௌடேஸ்வரியிடம் காட்டினேன், "ஐயோ, சாமி சிலை பேசற மாதிரி இருக்குதுங்க" என்றாள். கழுவுங்கள், படித்துப் பார்த்துத் தலையை ஆட்டினாள், "இதுவும் நான் வேல ஏவற மாதிரிதானுங்க ஆகும்." ஏவல் இல்லாமல் ஒரு கையேடு! இரண்டாயிரம் வருஷ இலக்கணத்தில் இதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. அழித்தேன், தட்டினேன், அழித்தேன். உள்ளே டாக்டர் "சௌடு" என்று கூப்பிட்டார், அவள் "வந்துட்டனுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு நகராமல் நின்றாள். பஞ்சை இன்னும் அழுத்திக் கடித்துக்கொண்டு தட்டிய வரியை அவளிடம் நீட்டினேன். அவள் போனை இரண்டு கையாலும் வாங்கி, எதிர்ச் சுவரில் அத்தை நிற்பது போல அங்கே பார்த்து, குரலைக் கொஞ்சம் இறக்கிப் படித்தாள்: "புதுக் கல்லுங்க. மொத நாலஞ்சு தடவ கத்தும். பழகற வரைக்கும் எல்லா வீட்டுலயும் கத்தறதுதானுங்க."

பிறகு திரும்பி, விரலால் திரையைக் கீழே தள்ளிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

"அடுத்த வரி என்னங்க சார்?"